ஆந்தைச் சங்கத்த போட்டோ வச்சு எடை போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆந்தை ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும்னு தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துற ஒரு சங்கத்த பத்தி உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல முழுசா ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. ஆந்தைய பத்தி நல்லவிதமா ஒரு பக்கம் வர்றதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா படிச்சு முடிச்சதும் மனசு ஆறல. ஆந்தைக் குஞ்ச கையில வச்சுக்கிட்டு சிரிக்கற போட்டோ, காயம் ஆறின ஆந்தைய பறக்க விட்ட செய்தி, லீவு நாள்ல செய்யற நல்ல பொழுதுபோக்குன்னு ஒரு பாராட்டு, அதோட பக்கம் முடிஞ்சுபோச்சு. நானும் இந்த மாதிரி ஒரு சங்கத்துல பல வருஷமா இருக்கறவன்ங்கற முறையில சொல்றேன், காப்பாத்தி பறக்க விடறது நல்ல காரியம்தான், ஆனா ஒரு ஆந்தைச் சங்கத்தோட உயிர் அதுல இல்ல. ஒரே கூட்ட, ஒரே மரத்த, ஒரே பாதைய வருஷா வருஷம் போய் பாத்து, பாத்தத பாத்தபடி, ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னே எழுதி வைக்கறாங்க பாருங்க, அதுலதான் இருக்கு. அந்த நோட்டு இல்லாத சங்கம் எத்தன ஆந்தைய பறக்க விட்டாலும் அந்த இனம் பெருகுதா தேயுதான்னு அதால சொல்லவே முடியாது.

உலகத்துல சுமார் 250 வகை ஆந்தை இருக்கு. அண்டார்டிகாவ தவிர எல்லா கண்டத்துலயும் இருக்கு. இருந்தும் பறவைகள்லயே எண்ணி முடிக்க கஷ்டமானது இதுதான், ஏன்னா பெரும்பாலான ஆந்தை ராத்திரிலதான் வெளிய வரும், பகல்ல மரப்பட்டையோட ஒட்டி உக்காந்துட்டா பத்தடியில நின்னு பாத்தாலும் கண்ணுக்கு சிக்காது, பகல்ல பறவை எண்ணப் போறவங்க லிஸ்ட்ல ஆந்தை வந்தா அது அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும். சம்பளம் குடுத்து ஆள் வச்சு எல்லா ராத்திரியும் எல்லா இடத்துக்கும் அனுப்ப எந்த பல்கலைக்கழகத்தாலயும் முடியாது, எந்த வனத்துறையாலயும் முடியாது. அந்தந்த இடத்துலயே குடியிருந்து, வேலை முடிஞ்சு வந்து, அதுக்கு மேல ராத்திரியும் கண் முழிக்க மனசு இருக்கற மனுஷங்கதான் இத செய்ய முடியும். அதனாலதான் ஆந்தை ஆராய்ச்சியில தன்னார்வலர்களுக்கு இவ்வளவு பெரிய இடம், யாரோ இரக்கப்பட்டு குடுத்த இடம் இல்ல அது.

அந்த வேலை எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்றேன். பொழுது சாஞ்சதும் முன்கூட்டியே குறிச்சு வச்ச இடத்துல போய் நிக்கணும், டார்ச்ச அணைச்சுடணும், பேசக்கூடாது, போன் எடுக்கக்கூடாது, குறிச்ச நிமிஷம் வரைக்கும் காத மட்டும் வச்சுக்கிட்டு நிக்கணும், எந்தப் பக்கம் எந்த வகை கூப்பிட்டுச்சு, ஆணா பெண்ணா, பதில் குரல் வந்துச்சா, காத்து அடிச்சுச்சா, நிலா இருந்துச்சா எல்லாத்தையும் எழுதிட்டு அடுத்த இடத்துக்கு நகரணும். பாதி நாள் ஒண்ணுமே கேக்காது. புதுசா வர்ற பசங்க அன்னிக்கு பேப்பர மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டு வீட்டுக்கு கிளம்பிடுவாங்க, ஒண்ணும் இல்லயே எதுக்கு எழுதணும்னு கேப்பாங்க. அந்த வெறும் ராத்திரியயும் எழுதினாத்தான் கணக்கு நிக்கும். காத்து பலமா இருந்ததால சத்தம் கேக்கலையா, அடைகாக்கற நேரம்ங்கறதால அமைதியா இருந்துச்சா, இல்ல ஜோடியே போயிடுச்சான்னு பிரிச்சு பாக்கறதுக்கு கேட்ட ராத்திரியும் வேணும், கேக்காத ராத்திரியும் வேணும். கேட்டத மட்டும் எழுதிட்டு வந்தா ஆந்தை எப்பவும் நிறைய இருக்கற மாதிரியே தெரியும், கடைசி ஜோடி போற வரைக்கும் அப்படித்தான் தெரியும்.

வட அமெரிக்காவுல நார்தர்ன் சா-வெட்னு ஒரு குட்டி ஆந்தை, பெரும்பாலும் நூறு கிராம் எடை தேறாது, உள்ளங்கையில அடங்கிடும். ரொம்ப நாளா அது அரிதான பறவைன்னுதான் எல்லாரும் நினைச்சிருந்தாங்க, காரணம் யாரும் அத பாக்கல, அவ்வளவுதான். 1994-ல ப்ராஜெக்ட் அவுல்நெட்னு ஒரு கூட்டு முயற்சி ஆரம்பிச்சாங்க, அங்கங்க தனித்தனியா ஆந்தை கால்ல வளையம் மாட்டி விட்டுக்கிட்டு இருந்தவங்க எல்லாரையும் ஒரே முறையில வேலை செய்ய வச்சாங்க. இலையுதிர் கால ராத்திரியில மெல்லிசா வலை கட்டி, ஆண் ஆந்தையோட குரல போட்டு, மாட்டற ஆந்தைய எடுத்து, எடை பாத்து, இறக்கைய அளந்து, கால்ல நம்பர் போட்ட வளையம் மாட்டி விட்டுடுவாங்க. இன்னிக்கு நூத்துக்கும் மேல நிலையங்கள் அந்த வலைப்பின்னல்ல இருக்கு, அதுல பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். அரிதுன்னு நினைச்ச பறவை வருஷா வருஷம் ஏராளமா ராத்திரியோட ராத்திரியா தெற்க பாத்து நகருதுன்னு தெரிஞ்சது இப்படித்தான். அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. பிடிச்ச ஆந்தையோட இறக்கைய விரிச்சு அடிப்பக்கமா யூவி லைட் அடிச்சா புது இறகு பளிச்சுனு பிங்க் கலர்ல ஒளிரும், பழைய இறகு மங்கலா இருக்கும், ஏன்னா இறகுல இருக்கற போர்ஃபிரின்ங்கற நிறமி வெயில் பட பட அழிஞ்சுடும். எல்லா இறகும் ஒரே மாதிரி ஒளிர்ந்தா அது அந்த வருஷம் பொறந்த குஞ்சு, பிங்க்கும் மங்கலும் கலந்து இருந்தா அது வயசு கூடினது. ஒரு லைட்ட வச்சு வயச சொல்லிடலாம், ஆந்தைக்கு ஒரு வலியும் இல்ல.

நோட்டுல உண்மைய எழுதணும்னு நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் காட்டு ஆந்தைக் கதை. ஃபாரஸ்ட் அவுலட்னு சொல்வாங்க, மத்திய இந்தியக் காடுகள்ல இருக்கற சின்ன ஆந்தை, 1873-ல ஹியூம்ங்கற பறவையியலாளர் அதுக்கு பேர் வச்சார். 1884-க்கு அப்புறம் யாருக்கும் கிடைக்கல. ஆனா மியூசியத்துல மட்டும் 1914-ல குஜராத்துல சுட்டதா ரிச்சர்ட் மைனர்ட்ஸாகன்ங்கற ராணுவ அதிகாரி பேர்ல சீட்டு கட்டி, பதப்படுத்தின ஒரு பறவை இருந்துச்சு. அந்த சீட்ட நம்பி தேடினவங்க தப்பான இடத்துல தேடிக்கிட்டு இருந்தாங்க. பமீலா ராஸ்முஸன்னு ஒரு பறவையியலாளர் மியூசியப் பறவைகள ஒண்ணொண்ணா சோதிச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது, மைனர்ட்ஸாகன் வேற ஒருத்தர் 1880-கள்ல சேகரிச்ச பறவைய திருடி, தையல பிரிச்சு மறுபடி அடைச்சு, புது சீட்டு கட்டி தான் பிடிச்சதா வச்சிருந்தார்னு. அந்த பொய்ய தூக்கி எறிஞ்சுட்டு மத்த பறவைகளோட உண்மையான பழைய குறிப்புகள மட்டும் வச்சு 1997 நவம்பர்ல ராஸ்முஸனும் பென் கிங்கும் டேவிட் அபாட்டும் தேடிப் போனாங்க, மகாராஷ்டிராவுல ஷஹாதா பக்கம் பட்டப்பகல்ல ஒரு மரத்துல உக்காந்திருந்துச்சு அந்த ஆந்தை, 113 வருஷம் கழிச்சு. ஒரே ஒரு பொய் சீட்டு ஒரு இனத்தையே எத்தன வருஷம் மறைச்சு வச்சிருச்சு பாருங்க. எங்க சங்கத்துல புதுசா யார் சேர்ந்தாலும் இந்தக் கதைய நான் சொல்லாம விடறதில்ல, ஒரு குறிப்புல சந்தேகம் இருந்தா சந்தேகம்னே எழுது, ஊகிச்சு எழுதாதன்னு சொல்றதுக்கு இத விட நல்ல உதாரணம் கிடைக்காது.

ராத்திரி வெளிய போக முடியாதவங்களுக்கும் சங்கத்துல வேலை இருக்கு, அத உங்க பக்கத்துல ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். ஆந்தை இரைய முழுசா முழுங்கிடும், அது வயித்து அமிலம் பருந்தோடத மாதிரி அவ்வளவு காரம் கிடையாது, அதனால எலும்பும் முடியும் கரையாம ஒரு உருண்டையா சுருண்டு சில மணி நேரத்துல வாய் வழியா வெளிய வரும், பெல்லட்னு சொல்றோம். கூகையோட (இங்கிலீஷ்ல பார்ன் அவுல்னு சொல்ற ஆந்தை) பெல்லட் புதுசா விழுந்திருந்தா கருப்பா, வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளன்னு, கட்டைவிரல் மொத்தத்துக்கு இருக்கும். அத வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சு, ஊசியும் இடுக்கியும் வச்சு மெதுவா முடிய விலக்கினா உள்ள மண்டை ஓடு, தாடை, இடுப்பெலும்பு, விலா எல்லாம் உடையாம கிடைக்கும். தாடையில பல் எப்படி உக்காந்திருக்கு, பல் வேரோட குழி எத்தன, முன்பல்லோட நிறம் என்னன்னு பாத்து இது எலி, இது சுண்டெலி, இது மூஞ்சூறுன்னு பிரிச்சு எழுதலாம். ஒரு உருண்டையில மூணு நாலு மண்டை ஓடு கிடைக்கறது சகஜம். ஒரே கூட்டுக்கு அடியில மாசா மாசம் பொறுக்கி இப்படி பிரிச்சு எழுதினா அந்த சுத்து வட்டாரத்துல எந்த எலி பெருகுது, எது குறையுதுன்னு வலை போடாமலே, பொறி வைக்காமலே தெரிஞ்சுடும். எங்க சங்கத்துல முட்டி வலியால நடக்க முடியாத ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா இருக்காங்க, பெல்லட் மேஜை முழுக்க அவங்க பொறுப்புதான், அவங்க எழுதற சீட்டுல ஒரு அடித்தல் இருக்காது.

கூடுப்பெட்டி விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நல்ல மனசோட தப்பு நிறைய நடக்குது. பழைய மரம் வெட்டுப்பட்டு பொந்து போயிடுச்சு, பழைய கட்டடம் இடிஞ்சு போச்சு, அதனால பெட்டி வைக்கணும்ங்கறது சரிதான். ஜப்பான்ல ஹொக்கைடோ தீவுல பெரிய மரங்கள் போனதால கூடு வைக்க இடம் இல்லாம அழியப்போன பெரிய மீன் ஆந்தைய பெட்டி வச்சுத்தான் தாங்கிப் பிடிச்சாங்க. ஆனா பெட்டிய எப்படி செய்யறது, எங்க வைக்கறதுங்கறதுல உயிர் இருக்கு. பிரிட்டன்ல 1988-ல ஆரம்பிச்ச பார்ன் அவுல் ட்ரஸ்ட்ங்கற கூகை பாதுகாப்பு அமைப்பு பல வருஷமா சொல்லிட்டு இருக்காங்க, கூகை பெட்டியில நுழையற ஓட்டைக்கும் உள் தளத்துக்கும் நடுவுல குறைஞ்சது 450 மில்லிமீட்டர் ஆழம் இருக்கணும்னு. காரணம் என்னன்னா, குஞ்சுங்களுக்கு பசி வந்தா வாசலுக்கு முட்டி மோதி வரும், ஆழம் கம்மியா இருந்தா பறக்க தெரியறதுக்கு முன்னாடியே வெளிய விழுந்துடும், கீழ விழுந்த கூகைக் குஞ்ச தாய் தகப்பன் பெரும்பாலும் கண்டுக்காது, அங்கயே பட்டினியா செத்துடும். கடையில பாக்க அழகா இருக்கற சின்னப் பெட்டிய வாங்கி மாட்டிட்டு போட்டோ எடுத்துக்கறவங்களுக்கு இந்த 450 மில்லிமீட்டர் தெரியாது. யாரையும் குத்தம் சொல்ல இல்ல, சொல்லித்தர ஆள் இல்லாததுதான் காரணம், அந்த ஆள் சங்கத்துல இருக்காங்க.

பெட்டிய பெரிய ரோட்டு ஓரமா வைக்கறது அத விட மோசம். கூகைக்கு ரெண்டு காதும் சம உயரத்துல இல்ல, ஒண்ணு கொஞ்சம் மேல, ஒண்ணு கொஞ்சம் கீழ, இதய வடிவத்துல இருக்கற அந்த முகம் சத்தத்த குமிச்சு காதுக்கு அனுப்பும், அதனால கும்மிருட்டுல கூட புல்லுக்குள்ள எலி நகர்ற சத்தத்த மட்டும் வச்சு குறி தப்பாம பிடிக்கும். கலிஃபோர்னியாவுல மசகசு கொனிஷியும் எரிக் நுட்சனும் 1970-கள்ல கூகை மூளையில சத்தம் எங்கிருந்து வருதுங்கறதுக்கு ஒரு வரைபடமே இருக்குன்னு காட்டினது மூளை ஆராய்ச்சியிலயே பெரிய விஷயம். அப்பேர்ப்பட்ட காது இருந்தும் லாரி முன்னாடி அது ஒண்ணும் செய்யறதில்ல, ஏன்னா ரோட்டோர புல்லுல எலி இருக்கு, கூகை தாழ்வா மெதுவா பறந்து தேடும், கவனம் முழுக்க தரையில, அடிபட்டு போயிடும். பிரிட்டன்ல செத்துக் கிடந்து கணக்குல வர்ற கூகைகள்ல பெரும்பங்கு ரோட்டுல அடிபட்டதுதான். இதுவும் எப்படி தெரிஞ்சுதுன்னா வளையம் மாட்டின பறவை எங்க செத்துக் கிடந்துச்சுன்னு ஜனங்க தகவல் சொன்னதால.

பெட்டி வச்சா மட்டும் போதாது, வருஷா வருஷம் திறந்து பாக்கணும். கூகை ரெண்டு மூணு நாளைக்கு ஒரு முட்டைன்னு வைக்கும், முதல் முட்டை வச்சதுமே அடைகாக்க உக்காந்துடும், அதனால குஞ்சுங்க ஒரே நாள்ல பொரியாது, பெட்டிய திறந்தா பெருசுலேர்ந்து சிறுசு வரைக்கும் படிப்படியா நிக்கும். எலி நிறைய இருக்கற வருஷம் கடைக்குட்டியும் பிழைக்கும், எலி இல்லாத வருஷம் கடைக்குட்டி முதல்ல போயிடும். எத்தன முட்டை, எத்தன குஞ்சு, எத்தன பறந்துச்சுன்னு மூணே மூணு எண் எழுதினா அந்த வருஷம் அந்த நிலம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடலாம். சுவிட்சர்லாந்துல அலெக்ஸாண்டர் ரூலான்ங்கற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் ஒரே வட்டார பெட்டிகள 30 வருஷத்துக்கு மேல தொடர்ந்து பாத்திருக்காங்க. தாய் தகப்பன் இரை தேட போயிருக்கற நேரத்துல குஞ்சுங்க தங்களுக்குள்ள சத்தம் குடுத்து பேசிக்கும், ரொம்ப பசியா இருக்கறது அதிகமா கத்தும், அத கேட்டு பசி கம்மியா இருக்கறது ஒதுங்கி விட்டுக்குடுக்கும், சில சமயம் பெரிய குஞ்சு தன்கிட்ட இருக்கற எலிய சின்னதுக்கு ஊட்டியும் விடும்னு அவங்க எழுதியிருக்காங்க. எனக்கு அத படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு. ஒரு தடவை பெட்டிய திறந்து போட்டோ எடுத்துட்டு போறவங்களுக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்ல.

இஸ்ரேல்ல 1980-கள்ல வயல்கள்ல கூகை பெட்டி வைக்க ஆரம்பிச்சாங்க, எலி மருந்துக்கு பதிலா கூகையே எலிய பிடிக்கட்டும்னு. யோசி லெஷெம்ங்கற பறவையியலாளர் அத பெருசா வளத்தார், பின்னாடி ஜோர்டான் விவசாயிகளும் பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்துக்கிட்டாங்க, எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்கற மனுஷங்க ஒரே மேஜையில உக்காந்து கூகைய பத்தி பேசினாங்க. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, ஒரே வயல்ல கூகையும் இருக்கணும் எலி மருந்தும் இருக்கணும்னா நடக்காது. இப்ப விக்கற ப்ரோடிஃபகூம், ப்ரோமடியலோன் மாதிரி மருந்து தின்ன எலி உடனே சாகறதில்ல, ரத்தம் உறையாம போய் சாக சில நாள் ஆகும், அந்த சில நாள்ல அது தள்ளாடிக்கிட்டு திறந்த இடத்துல திரியும், ஆந்தைக்கு அத விட சுலபமான இரை கிடையாது. அந்த விஷம் ஆந்தை ஈரல்ல மாசக்கணக்குல தங்கும், அடுத்த எலி, அதுக்கடுத்த எலின்னு சேர்ந்துக்கிட்டே போகும். பிரிட்டன்ல செத்துக் கிடக்கற கூகைகள பொதுமக்களும் தன்னார்வலர்களும் கட்டி பார்சல் பண்ணி ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பறாங்க, ஈரல எடுத்து சோதிச்சா 80 சதவீதத்துக்கும் மேல இந்த விஷத்தோட மிச்சம் இருக்கு. எல்லாமே விஷத்தால செத்ததுன்னு அர்த்தம் இல்ல, ஆனா உயிரோட பறக்கற கூகைகள்லயும் அது பரவியிருக்குன்னு அர்த்தம். செத்த பறவைய கையில எடுத்து பார்சல் கட்டறது யாருக்கும் பிடிச்ச வேலை இல்ல, அத சலிக்காம செய்யறவங்க இருக்கறதாலதான் இந்த எண்ணாவது நமக்கு கிடைச்சிருக்கு.

ஜெர்மனியில கொம்பன் ஆந்தைங்கற ரொம்பப் பெரிய ஆந்தை பல பகுதிகள்ல வேட்டையாலயும் கூட்டுலேர்ந்து குஞ்சு எடுக்கறதாலயும் இல்லாமலே போயிருந்துச்சு. ஆர்வலர்கள் வளத்து திரும்ப காட்டுல விட்டாங்க, மெல்ல மெல்ல பிடிச்சு நின்னுச்சு. விட்டதோட வேலை முடிஞ்சுதுன்னு அவங்க போயிருந்தா கதையே வேற, தொடர்ந்து பாத்ததாலதான் கரண்ட் கம்பத்துக்கு அடியில செத்து விழறது கணக்குல வந்துச்சு, அவ்வளவு பெரிய இறக்கை ஒரே நேரத்துல கம்பியயும் கம்பத்தையும் தொட்டுடும். பறவை அமைப்புகள் விடாம கேட்டதுல 2002-ல இயற்கை பாதுகாப்பு சட்டத்துலயே வந்துச்சு, ஆபத்தான நடுத்தர மின்னழுத்தக் கம்பங்கள 10 வருஷத்துக்குள்ள பறவைக்கு பாதுகாப்பா மாத்தணும்னு.

இன்னொன்னு, 2013 குளிர்காலத்துல அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் பனி ஆந்தைகள் பல பத்து வருஷமா இல்லாத அளவுக்கு வடக்கேர்ந்து இறங்கி வந்துச்சு. சில பேர் உடனே கூடிப் பேசி ப்ராஜெக்ட் ஸ்நோஸ்டார்ம்னு ஆரம்பிச்சாங்க, பொதுமக்கள் குடுத்த பணத்துல சூரிய ஒளியில ஓடற ட்ரான்ஸ்மிட்டர் வாங்கி ஆந்தை முதுகுல கட்டினாங்க, அது செல்போன் டவர் வழியா இடத்த அனுப்பும். உறைஞ்ச பெரிய ஏரிகள் மேல வாரக்கணக்குல தங்கி ஐஸ் விரிசல்ல நீர்ப்பறவைய வேட்டையாடுதுன்னு அதுல தெரிஞ்சுது. செத்த ஆந்தைகள அறுத்து பாத்து காரணம் சொன்ன கால்நடை டாக்டர்கள் காசு வாங்கல.

எல்லா ஆந்தைச் சங்கமும் நல்ல சங்கம்னு நான் சொல்ல வரல. ஆந்தை குரல ஸ்பீக்கர்ல திரும்பத் திரும்ப போட்டு கிட்ட வரவழைச்சு பிளாஷ் அடிச்சு போட்டோ எடுக்கறதயே வேலையா வச்சிருக்கறவங்க இருக்காங்க. அந்த குரல கேட்ட ஆண் ஆந்தை எவனோ நம்ம இடத்துக்குள்ள வந்துட்டான்னு வேட்டைய விட்டுட்டு ஓடி வரும், பெட்டையும் குஞ்சும் பசியோட காத்துக்கிட்டு இருக்கும். கணக்கெடுப்புக்கு குரல் போடறவங்க எத்தன நொடி, எத்தன தடவைன்னு வரையறை வச்சு போடறாங்க, அதுக்கே ஆயிரம் யோசனை. அப்புறம் கூடு இருக்கற இடத்த போன்ல எல்லாருக்கும் அனுப்பறது. அடுத்த நாளே கேமராவோட கூட்டம் வரும், குஞ்சு பிடிச்சு விக்கறவனுக்கும் அதே தகவல்தான் போகுது. நல்ல சங்கம்னா கூட்டோட துல்லியமான இடம் ரெண்டு மூணு பேர தவிர உறுப்பினர்களுக்கே தெரியாது, வளையம் மாட்டறவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கும், பயிற்சி இல்லாதவங்க கூட்டு மரத்துல ஏற மாட்டாங்க, வருஷக் கடைசியில காலியா இருந்த பெட்டி எத்தனங்கறதயும் சேர்த்து அறிக்கை போடுவாங்க. ஒரு சங்கத்துக்கு நன்கொடை குடுக்கணும்னு நினைக்கற வாசகர்கள் முதல்ல அந்த அறிக்கைய கேட்டு வாங்கி படிங்க, எல்லாமே வெற்றின்னு எழுதியிருந்தா கொஞ்சம் யோசிங்க.

கையில ஆந்தைக் குஞ்ச வச்சிருந்த அந்த போட்டோவுக்கு வர்றேன். போட்டோவுல இருந்தவங்க பயிற்சி உள்ளவங்களாத்தான் இருப்பாங்க, சந்தேகமில்ல. ஆனா அத பாக்கற பிள்ளைங்களுக்கு அது தெரியாது, நாமளும் ஒண்ணு வளக்கலாம்னுதான் தோணும். கண் திறந்த நாள்லேர்ந்து மனுஷ முகத்தயே பாத்து வளர்ற ஆந்தைக் குஞ்சு மனுஷனயே தன் இனம்னு நினைச்சுக்கும், பெருசானதும் இன்னொரு ஆந்தையோட ஜோடி சேராது, காட்டுலயும் பிழைக்காது, ஆயுசு முழுக்க கூண்டுதான். அதனாலதான் பல மறுவாழ்வு மையங்கள்ல குஞ்சுக்கு ஊட்டறப்ப முகத்த மறைச்சுக்கறாங்க, ஆந்தைத் தலை பொம்மைய கையில மாட்டிக்கிட்டு ஊட்டறாங்க, முடிஞ்சா பறக்க முடியாத பெரிய ஆந்தை ஒண்ணுகிட்ட வளக்க விட்டுடறாங்க.

மரத்தடியில பஞ்சு மாதிரி ஒரு குஞ்ச பாத்தா தூக்கிட்டு ஓடாதீங்கன்னு உங்க பேப்பர் சொன்னா எத்தனயோ குஞ்சு பிழைக்கும். நிறைய வகை ஆந்தைக் குஞ்சு பறக்க கத்துக்கறதுக்கு முன்னாடியே கூட்ட விட்டு வெளிய வந்து கிளை கிளையா நடக்கும், தவறி விழுந்தாலும் அலகாலயும் நகத்தாலயும் மரத்த பிடிச்சு இறக்கைய அடிச்சு அடிச்சு திரும்ப மேல ஏறிடும், தாய் பக்கத்துலயேதான் எங்கயோ உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும். காயம் இல்லன்னா, நாய் பூனை தொந்தரவு இல்லன்னா, விட்டுட்டு தள்ளி நிக்கறதுதான் உதவி, ரோட்டுல இருந்தா பக்கத்து கிளையில எடுத்து வச்சா போதும். கூகைக் குஞ்சு மட்டும் இதுக்கு விலக்கு, மேல சொன்ன மாதிரி கீழ விழுந்தா பெத்தது கவனிக்காது, அத திரும்ப கூட்டுலயே வைக்கணும், அதுக்கு சங்கத்துக்கோ வனத்துறைக்கோ போன் பண்ணுங்க. அடிபட்ட ஆந்தைன்னா ஒரு துண்ட மேல போட்டு காலோட சேர்த்து பிடிச்சு, ஏன்னா ஆந்தை நகம் கைய கிழிச்சுடும், காத்து போற மாதிரி ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில வச்சு மூடி, இருட்டா அமைதியா வைங்க. பால் ஊத்தாதீங்க, பிரெட் குடுக்காதீங்க, வாய திறந்து தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். பாவம்னு சுத்தி நின்னு எட்டி எட்டி பாக்கறதுதான் அதுக்கு பெரிய கொடுமை, பயத்துலயே செத்துப்போனது உண்டு.

ஆசிரியர் ஐயாகிட்ட என்னோட வேண்டுகோள் இதுதான். அந்த சங்கத்த பத்தி மறுபடி எழுதறப்ப அவங்க நோட்ட கேட்டு வாங்கி பாருங்க, எத்தன வருஷமா ஒரே இடத்த பாத்துட்டு வர்றாங்க, என்ன மாறியிருக்குன்னு எழுதுங்க, கூட்டோட இடம் தெரியற மாதிரி போட்டோ போடாதீங்க. முடிஞ்சா குஞ்சு பத்தி மேல சொன்ன விஷயத்த ஒரு சின்ன கட்டம் கட்டி, ஆந்தைங்க குஞ்சு பொரிக்கற மாசத்துக்கு முன்னாடியே போடுங்க, குஞ்சு விழ ஆரம்பிச்ச அப்புறம் போட்டா பாதி தூக்கிட்டு போயிருப்பாங்க. அந்த கட்டத்துல எழுத வேண்டியத சரிபாத்து குடுக்க எங்க சங்கத்துல ஆள் இருக்காங்க, எப்ப கேட்டாலும் எழுதி அனுப்பறோம்.

இப்படிக்கு,
ஆந்தைச் சங்கத் தன்னார்வலர், உங்க நெடுநாள் வாசகர்